சரிவில் புல் வெட்டுவது

பாகாவ் இரும்புக்கடையில் புல்வெட்டி மெஷின் வாங்கியபோது
கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போடச் சொன்னான் தவுக்கே மகன்.
கடைப் பேனா எழுதவில்லை.
அமராவதி தன் பேனாவை எடுத்து எழுதினாள்.
அதனால் பரிசு தன்னுடையது என்று இன்றுவரை சொல்கிறாள்:
இருவருக்கு ஐந்து நாள் கொரியா.

மூன்றாம் நாள் கியோங்ஜு.
ஒரு காலத்தில் ராஜாக்களின் தலைநகராம்.
வழிகாட்டிப் பெண் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து நடந்தாள்.
பின்னால் நாங்கள் பதினாறு பேர், ஒண்ணாம் வகுப்பு வரிசை.
பக்கத்தில் நீலக் குடை: ஜெர்மன்காரர்கள்.
அதற்கப்பால் ஒரு கொடி, அதன் கீழே தைவான்.

நட்சத்திரம் பார்க்கக் கட்டிய கல்கோபுரம்,
கழுத்து ஒடுங்கிய ஊறுகாய் ஜாடி போல.
"எங்கள் ஸ்டோர் புகைக்கூண்டு இதைவிட உயரம்" என்றாள் அமராவதி.
கண்ணாடிக்குள் தங்கக் கிரீடம்.
எத்தனை பவுன் தேறும் என்று கேட்டாள்.
வழிகாட்டிக்குப் பவுன் புரியவில்லை.

பிறகு, ஊர் நடுவிலேயே,
காப்பிக்கடைக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் அருகில்
பச்சை மேடுகள், ஒன்றன் பின் ஒன்றாக.
குன்று என்று நினைத்தேன்.
ராஜாக்கள், என்றாள். உள்ளே படுத்திருக்கிறார்கள்.

எல்லாரும் போனைத் தூக்கினார்கள்.
நான் சரிவைப் பார்த்தேன்.
இதில் எவன் ஏறி வெட்டுகிறான்?
மெஷினைத் தோளில் மாட்டினால் கால் எங்கே பிடிக்கும்?
கல் இல்லை, வெட்டுத் தழும்பு இல்லை,
சவரம் செய்த கன்னம் மாதிரி.
என் வயிற்றில் பொறாமை என்று ஒன்று
அங்கேதான் முதல்முதலாய்ப் புரண்டது.

ஒரு வெள்ளைக்காரப் பொடியன் மேட்டில் நாலடி ஏறினான்.
காவலாளி விசில் ஊதினான்.
விசில் அடங்கியதும் வேறொரு சத்தம் கேட்டது.
எனக்குத் தெரிந்த சத்தம்.
குடையை விட்டு நழுவினேன்.

கடைசி மேட்டின் முதுகில் அந்த ஆள்,
முகத்தில் வலை, இடுப்பில் துண்டு.
மேலே ஏறி வெட்டவில்லை. குறுக்கே நடந்தார்,
நண்டு நடப்பது போல, ஒரு கால் தாழ, ஒரு கால் மடங்க.
என்னைக் கண்டு மெஷினை அணைத்தார்.
என் உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டினேன்.
தன் கையை நீட்டினார். அதே இடத்தில் அதே காய்ப்பு.
பெயர் சொன்னார், என் காதில் பாதிதான் விழுந்தது.
இளவழகன் என்றேன். அவரும் பாதியில் விட்டார்.
பெட்டியிலிருந்து ஆரஞ்சு நைலான் கயிற்றுச் சுருள் ஒன்று
எடுத்துத் தந்தார்.

பஸ்ஸில் வழிகாட்டி சொன்னாள்:
பண்டிகைக்கு முன் எல்லா வீட்டிலும்
முன்னோர் மேட்டுப் புல்லை வெட்டிவிடுவோம்.
"ராஜாவுக்குமா?"
"ராஜாவுக்குச் சம்பளத்துக்கு வெட்டுகிறார்கள்."

ஊரில் இறங்கிய மறுவாரம்
தாமான் ஓரம், பந்துத் திடல், கோயில் வாசல், வாய்க்கால் வரை.
என் கான்டிராக்ட் அங்கே முடிகிறது.
வாய்க்காலுக்கு அப்பால் பழைய தோட்டத்து இடுகாடு,
ஆள் உயரம் லாலான்,
எந்தக் காகிதத்திலும் இல்லை.
தீபாவளிக்கு முன் பெரிய கிராணி வீட்டார் மட்டும்
முப்பது வெள்ளி தருவார்கள்,
டைல்ஸ் பதித்த தங்கள் ஒரு கல்லறைக்கு.

அதற்குப் போகிற வழியை
வருஷா வருஷம் நேராக வெட்டிக்கொண்டே போவேன்.

இந்தத் தடவை ஆரஞ்சுக் கயிற்றைக் கோத்திருந்தேன்.
பாதி வழியில் டப்பென்று அறுந்தது.
குனிந்து லாலானை விலக்கினேன்.
ஒரு செங்கல். எழுத்து இல்லை, தேதி இல்லை.
அதன் பின்னால் நிலம்
ஒரு சாண் உயரம் புடைத்திருந்தது,
தூங்குகிறவன் வயிறு அளவுக்கு.
இத்தனை வருஷம் இதன் மேல்தான் நடந்திருக்கிறேன்.

விசில் ஊத யாருமில்லை.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
மிச்சக் கயிற்றைக் கோத்தேன்.
ஒரு சாண் சரிவுதான்.
ஆனாலும் குறுக்கே நடந்தேன்,
ஒரு கால் தாழ, ஒரு கால் மடங்க.

முப்பது வெள்ளிக்கு இத்தனை நேரமா என்று
அமராவதி போன் அடித்தாள்.