ஓடு

அக்கரைப்பேட்டை ஏற்றுமதிக் கொட்டகையில்
எனக்கு நாலு கூடை.
நீலத்தில் ஓட்டுக்கணவாய்,
மஞ்சளில் ஊசிக்கணவாய்,
பேய்க்கணவாய்க்கு மூடி போட்ட வாளி,
செத்துவிட்டது என்று திரும்பினால்
விளிம்பில் ஒரு கை இருக்கும்.
நாலாவது உடைசல்.
கிலோவுக்குப் பத்துக்குள் நின்றால் கப்பல்,
இருபதைத் தாண்டினால் உள்ளூர்,
கால் அறுந்தது கோழித்தீவனம்.

எனக்குத் தெரிந்த வகைப்பாடு இதுதான்.

புதன்கிழமை தோறும் நாகூரிலிருந்து
மீன்வளக் கல்லூரி நஸ்ரின் வருகிறாள்,
பையில் அடிக்கோலும் தராசும்.
அவள் கூடைகள் வேறு.
நத்தையும் மட்டியும் இதற்குப் பங்காளி என்கிறாள்.
எட்டுக் கை ஒரு வகையறா,
பத்துக் கை இன்னொன்று,
தொண்ணூறு கையோடு
இன்னும் ஓட்டைவிட்டு வெளியே வராத நாட்டிலஸ்
தனிக் குடித்தனம்.
மொத்தத்துக்கும் பெயர் தலைக்காலி.
"தலைகால் தெரியாம ஆடுறதுன்னா இதுதானா?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. அளந்துகொண்டிருந்தாள்.

நான் கீறிப் பார்க்காததா?
ஓட்டுக்கணவாய் முதுகில் ஒரு வெள்ளைப் படகு;
கடல்நுரை என்று மருந்துக்கடையில் நிறுப்பார்கள்,
கிளிக்கூண்டில் செருகுவார்கள்.
ஊசிக்கணவாய்க்குள் கண்ணாடி நிப்பு.
மையும் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது,
ஒரு வரி எழுதியதில்லை.
பேய்க்கணவாயைப் பிளந்தால்
கிளிமூக்கு ஒன்று, மீதியெல்லாம் சதை.

வெளியே இருந்த ஓடு உள்ளே போய்,
உள்ளே போனது மெலிந்து,
மெலிந்தது தொலைந்த கதைக்கு
ஐம்பது கோடி வருஷம் என்றாள்.
ஐம்பது கோடி என்றால்
முதலாளி பேங்கில் வாங்கிய கடன்தான்
எனக்கு ஞாபகம் வருகிறது.

கொழுந்தன் குலோத்துங்கன் அரியலூரில்
சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான்.
சுரங்கத்தில் கிடந்தது என்று
சுருண்ட கல் ஒன்று கொண்டுவந்து போட்டான்,
சாப்பாட்டுத் தட்டு அகலம்.
உப்பில் ஊறும் மீன்மேல் பாரம் வைத்திருந்தேன்.
அதைப் பார்த்த அன்று நஸ்ரினுக்கு
அடிக்கோல் கையிலிருந்து நழுவியது.

அம்மோனைட்.
வளர வளர முன்னறைக்கு மாறி
பின்னறையைச் சுவர் வைத்து அடைத்துவிடுமாம்.
அரியலூர் கடலாக இருந்த காலம்.
திருவாரூரும் கும்பகோணமும் தண்ணீர்,
காவேரி ஒரு கைப்பிடி வண்டல்கூடக் கொண்டுவராத காலம்.
ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால்
ஒன்று பாக்கியில்லாமல் போயின.
குஞ்சுகள் மேல்தண்ணீரில் மிதந்தன,
நாட்டிலஸ் முட்டை ஆழத்தில் கிடந்தது,
அதனால் இது போயிற்று, அது தப்பிற்று,
"அப்படித்தான் நினைக்கிறாங்க, உறுதியாத் தெரியாதுக்கா."

அந்தக் கல்தான் சூளைக்குப் போகிறது.
சூளையிலிருந்து சிமெண்டு மூட்டை.
மூட்டையிலிருந்து எங்கள் குடியிருப்பு,
சுனாமிக்கு அப்புறம் வரிசையாகக் கட்டிய
முந்நூறு வீட்டில் என்னுடையது இருநூற்றுப் பதினேழு.
காலண்டருக்கு ஆணி அடித்தால்
உதிர்கிற தூள் எத்தனை வீட்டுத் தூளோ!
கடல் விரட்டியவர்களை
பழைய கடல் ஒன்றை இடித்துக் கட்டிய சுவருக்குள்
குடிவைத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு காலையில்
கரையில் யாரோ கத்தியது ஒரே சொல்:
ஓடு.
பெயரா வினையா என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டவர்கள் உண்டு.
செண்பகவல்லி போட்டாள்.

பேய்க்கணவாய்க்குக் கல்லில் பதிவு
உலகம் பூராவும் சேர்த்தே கொஞ்சம்தானாம்.
ஓடு வைத்திருந்தவர்களுக்குத்தான் சரித்திரம்.
நஸ்ரின் இதை வருத்தமாகச் சொன்னாள்.
எனக்கு வருத்தமாக இல்லை.

சாயங்காலம் கணக்குப் புத்தகத்தில்
மை அப்பிய விரலோடு எழுதினேன்:
பேய்க்கணவாய், வந்தது பதினொன்று.
எடை போட்டது பத்து.
மேஸ்திரி கேட்டார்.
வாளியின் மூடி கொஞ்சம் விலகியிருந்ததை
நான் காலையிலேயே பார்த்திருந்தேன்.