ஏழாம் அறை

முதலில் கட்டிலைச் சொல்லிவிடுகிறேன்.
நான்கு தூண், மேலே விதானம்.
ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்ததாம்.
மேட்டுப்பாளையம் தாண்டி
மாட்டுவண்டி குடைசாய்ந்ததில்
ஒரு கால் பள்ளத்தாக்கோடு போயிற்று.
நான்காவது கால் நம்மூர் ஈட்டி.
மழை பிடித்தால் அது மட்டும் ஊதிக்கொண்டு
இரவெல்லாம் முனகும்.

கண்ணாடியில் ரசம் உதிர்ந்து
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தீவு.
அலமாரி பூட்டியே இருக்கும்,
உள்ளே ஒன்றுமில்லை, பினாயில் வாளிதான்.
கட்டம் போட்ட கம்பளித் திரை
போன தை மாதம் கரூரில் தைத்தது.
நூற்றைம்பது வருஷம் என்று சொல்லவேண்டும்.

"மக்ரே துரைசானி இந்த அறையில்தான்…"
மேனேஜர் பெனடிக்ட் அங்கே நிறுத்துவார்.
நிறுத்தும் இடம்வரைதான் அவருக்குத் தெரியும்.
மீதியை வந்தவர்கள்
ராத்திரி தாங்களே எழுதிக்கொள்வார்கள்.
வாடகை இரண்டு மடங்கு.

மெத்தையில் அவள் படுத்த பள்ளம்,
அது நான்.

தினமும் நாலரைக்கு
விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு
செருப்பைக் கழற்றி
சன்னல் பக்கமாகப் பத்து நிமிஷம் கிடப்பேன்.
எழும்போது கை ஊன்றக் கூடாது.
பேய் கை ஊன்றாது என்பது பெனடிக்ட் கண்ட உண்மை.
"பள்ளம் ஆழமில்லை, அமிர்தவல்லி,
நல்லாச் சாப்பிடு" என்பார்.
இதற்கு மாதம் எழுநூறு தனி.
தலைமன்னாரில் கப்பலேறி வந்து
கொழுந்து பறித்தே முதுகு வளைந்த அம்மாவிடம்
படுத்ததற்குக் கூலி என்று
எந்த வாயால் சொல்வது?
ஓவர்டைம் என்றேன்.

ஐப்பசியில் அம்மாவை
மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று
விரிப்பை இழுத்துவிட்டேன், படுக்க நேரமில்லை.
குஞ்சப்பனையில் மண் சரிந்து
நான்கு நாள் பஸ் இல்லை.
சாவி என் இடுப்பில்.

திரும்பி வந்து திறந்தேன்.
சுவர்ப் பக்கமாக ஒண்டி
ஒருக்களித்து, முழங்கால் மடக்கி,
சின்ன உடம்புதான்,
ஒரு பள்ளம்.
சன்னல் பக்கம்
ஓர் ஆள் படுக்க இடம் விட்டு.

கதவோரம் நின்றேன்.
வெளியே மஞ்சு வந்து கண்ணாடியை மூடியது.
மழைதான் பெய்துகொண்டிருந்தது,
ஈட்டிக் கால் முனகவில்லை.
மணி பார்த்தேன். நாலரை.

இப்போதெல்லாம் இருபது நிமிஷம் கிடக்கிறேன்.
பெனடிக்டிடம் சொல்லவில்லை.
கை ஊன்றித்தான் எழுகிறேன்,
பக்கத்தில் தூக்கம் கலையாதபடி
மெதுவாக.