பத்தாவது கேள்வி

சாக்ரமெண்டோ மச்சாள் படம் அனுப்பியிருந்தாள்.
சாப்பாட்டு மேசை நிறைய
வாக்குச்சீட்டு, பாய் விரித்தாற்போல.
பதினேழு கேள்விகள்:
வீட்டு வாடகை, பள்ளிக்கூடக் கடன்,
முட்டைக் கோழிக்கு எத்தனை அடி கூடு.
"பத்தாவதுக்கு என்ன போட, மச்சான்?
ஓம் எண்டு போட்டால் சட்டம் வேண்டாமாம்.
ஒண்டும் விளங்கல்ல."

களுவாஞ்சிக்குடி வங்கி வரிசையில் நின்று
அமெரிக்கக் கோழிகளுக்காக யோசித்தேன்.

எங்களுக்கும் ஒன்று வருவதாக இருந்தது.
கிழக்குக்கு மட்டும், ஒரே கேள்வி:
வடக்கோடு இருப்பதா, பிரிவதா.
அப்பா அன்றைக்கென்று
வெள்ளைச் சட்டை தைப்பித்தார்.
டிசம்பர் வர வர வர்த்தமானி வந்தது.
ஒத்திவைப்பு.
மறுகா ஒத்திவைப்பு.
சட்டை தம்பிக்கு அளவானது.
தம்பி அதைப் போட்டுக்கொண்டு
வாழைச்சேனைக்குப் போனவன்தான்.
ஒத்திவைப்பு.
பிறகு கொழும்பில் ஏதோ வழக்கு முடிந்தது,
கேள்விக்கே வேலையில்லை என்றார்கள்.
அதற்கும் முன்பே அப்பா போய்விட்டார்.

எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போட்டிருப்பார்?
பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் சோறு தின்றோம்,
நானும் கேட்கவில்லை.

"நூற்றுநாற்பத்திரண்டு" என்று கூப்பிட்டார்கள்.
எழும்ப முன் எழுதினேன்:
மச்சாள், பத்தாவது எனக்கும் விளங்கல்ல.
கோழிக்கு மட்டும்
இடத்தைக் கூட்டிப் போடுங்க.