மூன்று நிமிடம்

அகஸ்டா, பிப்ரவரி, சட்டமன்றத்தின் கீழ்த்தளத்து அறை.
காலணிகளின் பனி உருகித் தரையெல்லாம் சேறு.
என் வேலை விளக்கு போடுவது.
பச்சை என்றால் பேசலாம்.
மஞ்சள் என்றால் முப்பது விநாடி.
சிவப்பு என்றால் போதும், உட்காருங்கள்.

மசோதா எட்டுப் பக்கம்.
கையில் இல்லாத நேரம்
கைத்துப்பாக்கி பூட்டில் இருக்க வேண்டும்,
அவ்வளவுதான், என்றார் கொண்டுவந்தவர்.
அவ்வளவுதானா என்று கேட்க
எண்பத்தாறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் ரோலண்ட் திபோடோ, குழாய் வேலை செய்பவர்.
ஷெரிஃபின் வண்டி என் வீட்டுக்கு வர
நாற்பத்தொரு நிமிடம் ஆகும்,
அதுவும் கோடையில், என்றார்.
அதுவரை திருடனுக்குக் காபி போட்டுக் கொடுக்கவா?
கைதட்டக் கூடாது என்றார் தலைவர்.
தட்டினார்கள்.

கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர்
இன்று பூட்டு, நாளை பட்டியல்,
மறுநாள் வாசலில் லாரி என்றார்.
அவருக்கு முன்னால் மூன்று பேர்
அதே லாரியை ஓட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஜினெட் பெலிவோ, இரவுப் பணி நர்ஸ்.
காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை.
பிரிந்துபோன கணவன் பின்கதவை உடைத்த இரவை
மளிகைக் கணக்கு மாதிரி சொன்னாள்:
கண்ணாடி. தாழ்ப்பாள். நாய்.
மாடிப்படி பதினான்கு.
பதினான்கு படி அவன் ஏறுவதற்குள்
நான் சாவி தேட வேண்டுமா?
மஞ்சள் போட விரல் எழவில்லை.
போட்டேன்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இந்த அறையில் அது தலைகீழ்.
கனமில்லாத மடிகள்தான் இங்கே நடுங்குகின்றன.

மெர்டன் ஸ்ப்ரேக் முடக்குவாத விரல்களைத் தூக்கிக் காட்டினார்.
இதை வைத்துக்கொண்டு எந்தப் பூட்டைத் திறப்பது?
குழந்தைகள் திறக்க முடியாதென்று எழுதிய மாத்திரை டப்பாவையே
ஆறு வயதுக் கொள்ளுப்பேத்திதான் திறந்து தருகிறாள்.
சிரித்தார்கள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
எந்தப் பக்கம் பேசினோம் என்று
அவருக்கே சந்தேகம் வந்த மாதிரி
விரல்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

நாற்பத்தேழாவது பெயர் ஆல்டன் குவிம்பி.
ஆதரிக்கிறேன் என்றார்.
பின்னால் நாற்காலிகள் இழுபட்டன.
என்னிடம் பத்தொன்பது துப்பாக்கிகள் உண்டு,
எல்லாம் பூட்டில் இருக்கின்றன.
இருபதாவது போலீஸிடம் இருக்கிறது,
சாட்சிப் பொருளாக.
அதற்கு மேல் பேசவில்லை.
பச்சை எரிந்துகொண்டிருந்தது.
இன்னும் நேரமிருக்கிறது என்றார் தலைவர், மெதுவாக.
தெரியும் என்றார் அவர்.
நின்றார்.
பேசாத நேரத்துக்கு என்னிடம் விளக்கு இல்லை.
மஞ்சள், பிறகு சிவப்பு,
வழக்கம் போலத்தான் போட்டேன்.

திரும்பி வந்தவருக்கு
ரோலண்ட் தன் கோட்டை எடுத்து
நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார்.
இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
சட்டையில் குத்தியிருந்த 'வேண்டாம்' வில்லையை
ரோலண்ட் கழற்றவும் இல்லை.

பனி வலுத்ததால் வாக்கெடுப்பு வியாழனுக்குப் போனது.

சமையலறையில் மூன்றாவது இழுப்பறை,
துணி உறைகளுக்குக் கீழே என்னுடையது.
போன வருடச் சந்தையில் இலவசமாகக் கொடுத்த பூட்டு
பிளாஸ்டிக் பிரிக்காமல் பக்கத்திலேயே கிடந்தது.
கத்தரித்தேன்.
தோட்டாக்களை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு
பூட்டினேன், திறந்தேன், அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தபடி.
முதல் தடவை பதினாறு விநாடி.
ஒன்பது.
ஏழு.
விளக்கை அணைத்துவிட்டு இருபத்திரண்டு.
இருட்டில் சாவி விழுந்து
குளிர்பெட்டிக்கு அடியில் போனதையும் சேர்த்து.

எங்கள் வீட்டில் மாடிப்படி கிடையாது.
பூட்டித்தான் வைத்தாயா என்று கேட்காதீர்கள்.
பட்டியலில் என் பெயர் இல்லை.