உறையாத் துறை

வார்டோவில் கடல் உறைவதில்லை.
சூரியன் இரண்டு மாதம் எட்டிப்பார்க்காத இருட்டில்
சாலை உறையும், கதவுப்பிடி உறையும்,
சைக்கிள் மணியின் நாக்குகூட உறையும்.
துறைமுகத் தண்ணீர் மட்டும்
கறுப்பாக அசைந்துகொண்டே இருக்கும்.
தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் காரணமாம்.

என் காரணம் ஒரு மாத்திரை.
இரவு எட்டு மணிக்கு.

நாற்பத்தாறு வயதில் என் இதயத்தில்
செயற்கைக் கதவொன்று வைத்தார்கள்.
வாயைத் திறந்தால் டிக் டிக் கேட்கும்.
மீன் ஆலையில் பக்கத்து மேசை ஓட்பியோர்க்
"மணி என்ன யூருன், கொஞ்சம் வாயைத் திற" என்பாள்.
கதவில் இரத்தம் உறையக் கூடாது,
காயத்தில் உறையாமலும் இருக்கக் கூடாது.
இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவே
எனக்கு விட்ட பாதை அவ்வளவுதான்.
மாதமொரு வியாழன்
பெரித் என் விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்து
எண் சொல்வாள்.
பிள்ளையின் மதிப்பெண் போல
ஹால்வார்ட் அதைக் குளிர்பெட்டிமேல் எழுதிவைப்பான்.

எல்லோரும் கத்தியைத்தான் பார்த்தார்கள்.
நானும்.
நாளொன்றுக்கு அறுநூறு காட் மீன்களைக் கிழிக்கும் கைக்கு
கம்பிவலையில் கையுறை,
அதற்குமேல் ரப்பரில் இன்னொரு கையுறை.
பன்னிரண்டு வருடம், ஒரு கீறல் இல்லை.

மார்ச்சில் சிறுநீர்க் கடுப்பு.
விடுப்பில் போனவருக்குப் பதிலாக வந்திருந்த
இளம் மருத்துவர், நல்ல பையன்.
இன்ன மாத்திரை தின்கிறேன் என்று நான் சொல்லவில்லை.
வேறென்ன தின்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.
சொல்லாததையும் கேட்காததையும்
ஒரே காகித உறையில் போட்டு
வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

நாலாம் நாள் பல் துலக்கினால் ரோஜாநிற நுரை.
ஐந்தாம் நாள் தொடையில்
சாப்பாட்டுத் தட்டளவு ஒரு கன்றல்.
எங்கும் இடித்துக்கொண்ட நினைவில்லை.
ஆறாம் நாள் காலை கழிவறையில்
தார். சாலை போடுகிற தார்.
நேற்றுத் தின்ற அவுரிநெல்லி ஜாம் என்று
எனக்கு நானே சொல்லி எழுந்தேன்.
எழுந்ததும் தரை என்னிடம் வந்தது.

வெளியே பனிப்புயல். விமானம் இறங்காது.
ஊர் மருத்துவ நிலையத்தில் பெரித்
அன்று எண்ணை வாயால் சொல்லவில்லை.
கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்:
எட்டு புள்ளி ஒன்று.
தொலைபேசியில் பெரிய மருத்துவமனை
ஒவ்வொரு சொல்லாய் அளந்து கொடுத்தது.
உறையவைக்க வேண்டும்,
ரொம்பவும் உறையவைத்தால்
கதவு சாத்திக்கொள்ளும்.
குறைந்த அளவு, மெதுவாக, நரம்பு வழியே.
மற்றது விமானத்தோடு வரும்.

இரவு முழுக்க ஹால்வார்ட்
என் வாயருகே காதை வைத்து உட்கார்ந்திருந்தான்.
இருபத்தைந்து வருடம்
என் பேச்சுக்குக் காது கொடுக்காத மனிதன்.

காலை நாலேகாலுக்குக் காற்று கொஞ்சம் விலகியது.
கிர்கெனஸில் இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள்.
யாரோ இருவருடையது.
அவர்களுக்கு உறையும்.

மே மாதம் மருந்துக்கடை, தலைவலி மாத்திரை வரிசை.
பின்னால் ஏழெட்டுப் பேர், அத்தனையும் தெரிந்த முகங்கள்.
முன்பெல்லாம் குரலைத் தாழ்த்துவேன்,
ஏதோ திருடியவள் போல.
அன்று கத்தினேன்:
"இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிறவள் நான்.
இது அதோடு சேருமா?"

கடையே நின்றது.
"சேராது" என்றாள் கடைப்பெண். வேறொன்றை எடுத்தாள்.
நண்டுப் படகு தூர்லைஃப்,
எதற்கும் அசையாதவன்,
வரிசையிலிருந்து நகர்ந்து வந்து
சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை உருவினான்.
ஓரத்தில் மீன்செதில் ஒட்டியிருந்தது.
என்னிடமும் இருக்கிற அதே அட்டை.

"எனக்கு இரண்டிலிருந்து மூன்று" என்றான் மெதுவாக.
"யாரிடமும் சொன்னதில்லை. உன் எண் என்ன?"

பதில் வரவில்லை எனக்கு,
வாய் திறந்தபடியே இருந்தது.
எல்லோருக்கும் கேட்டது.