ஒரு நூல்

ஞாயிறு ராத்திரி படங்கள் இறங்கிவிடும்.
திங்கள் காலை ஒன்பது மணிக்கு
பட்டி டப்பா, தகடு, உப்புத்தாள், ரோலரோடு
சாந்திநகர் கேலரிக்குப் போவேன்.
அப்போது சுவரில் படம் இருக்காது.
படம் மாட்டிய துளை இருக்கும்.

துளையை மூடுவது என் வேலை.
காய்ந்தபின் தேய்த்து, தடவிப் பார்த்து,
விரலுக்கே பிடிபடாதபோது
வெள்ளை அடிப்பது.

ஓவியர்களை நான் பார்த்ததில்லை,
ஆணியை வைத்துத் தெரியும்.
கொல்கத்தாக்காரர் ஒருவர் ஒரு படத்துக்கு நாலு ஆணி;
யாரையும் நம்பாத ஆள்.
புகைப்படக்காரர்கள் நாடாவால் ஒட்டுவார்கள்,
உரிக்கும்போது சுவரின் தோலையும் கொண்டுபோவார்கள்.
போன மார்ச்சில் ஒரு அம்மா
கூரையிலிருந்து முந்நூறு பால் பாக்கெட் தொங்கவிட்டாள்.
கழுவாத பாக்கெட்.
அந்த வாரம் டர்பன்டைன் நெடி எவ்வளவோ தேவலையாக இருந்தது.

வெள்ளை என்றால் எல்லா வெள்ளையும் இல்லை.
அட்டையில் ஒரு நம்பர் உண்டு. தவறினால்
மேனேஜர் ரோஷ்னி வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள்.
லிங்கராஜபுரத்தில் என் வீட்டுக்கு
ஒரு பக்கம் பல் ஆஸ்பத்திரிப் பச்சை,
ஒரு பக்கம் கான்வென்ட் நீலம்,
மற்றதெல்லாம் எங்கே எது மிஞ்சியதோ அது.

ஆகஸ்டில் தார்வாடிலிருந்து குருலிங்கா என்று ஒருவன் வந்தான்.
படம் இல்லை, சட்டம் இல்லை.
பதினெட்டு நாள், சுவரிலேயே, கரியால்.
ஷோ முடிந்த திங்கள் நான் போனபோது
மூட ஒரு துளைகூட இல்லை.
சுவர் முழுக்க ஆள்.

காலை ஏழு மணி. மேம்பாலத்துக்குக் கீழே
கூலிக்கு நிற்கிற கூட்டம்.
தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிய ஒருத்தி.
மேஸ்திரி வண்டிச் சத்தத்துக்கு
ஒன்றாகத் திரும்பிய பதினோரு கழுத்து.
வலது ஓரத்தில் பிரஷ் செருகிய பக்கெட்டோடு
குந்தியிருந்தவனுக்கு முகம் இல்லை, முதுகுதான்.
என் முதுகு எப்படி இருக்கும் என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
தெரியவில்லை.

‘வியாழன் அடுத்த ஷோ’ என்றாள் ரோஷ்னி.

கரிமேல் வெள்ளை லேசில் நிற்காது.
முதல் கோட் சாம்பலானது.
மூக்கும் முழங்காலும் அப்படியே வந்து நின்றன.
பிரைமர் அடித்தேன். கண்கள் போயின,
தூக்குவாளி போகவில்லை.

மத்தியானம் அவனே வந்தான்,
எண்ணெய் ஊறிய பேக்கரிப் பொட்டலத்தோடு.
ரெண்டு பப்ஸ், உள்ளே இன்னும் சூடு.
நானும் அடிக்கட்டுமா என்று கன்னடத்தில் கேட்டான்.
கொடுத்தேன்.
படுமோசம்.
ரோலரை மேலும் கீழும் இழுக்கத் தெரியாமல்
ஒவ்வொரு ஆளாக வளைத்து வளைத்து,
இன்னொரு தரம் வரைகிற மாதிரி அடித்தான்.
அவன் போனதும் அத்தனையும் நான் திரும்ப அடித்தேன்.
என் கூலி எவ்வளவு என்று கேட்டிருந்தான், சொன்னேன்.
அவனுடையதை நான் கேட்கவில்லை.

ராத்திரி சோப்பு கருப்பாக நுரைத்தது.
‘கரி மண்டிக்கா போனே?’ என்றாள் பிலோமினா.
‘வெள்ளை அடிக்கப் போனேன்.’
நம்பவில்லை. துண்டை மட்டும் தனியாக ஊறவைத்தாள்.

வியாழன் மாலை விளக்கு போட்டார்கள்.
யாரோ ஒருவரின் மாம்பழங்கள், எண்ணெய் வண்ணம்.
ஒற்றை ஆணி. நல்ல மனுஷன்.

சுவிட்ச் போர்டு ஓரம் பெயிண்ட் விரிசல் விட்ட இடத்தில்
நகம் வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
முப்பது தோல்வரை எண்ணி விட்டுவிட்டேன்.
ஆசாரி ஸ்கேலில் ஒரு நூல் தேறும்.

நாலு பக்கமும் ஒரு நூல்
இந்த அறை சின்னதாகியிருக்கிறது.
கையில் கிளாஸோடு பேசிக்கொண்டு நிற்கிறார்கள்.
யார் தோளும் இன்னும் இடிக்கவில்லை.