எட்டேமுக்கால்

மூன்றாம் மாடி, பெண் குழந்தைகள் பிரிவு.
லிப்ட் திறந்ததும் நிற்கிற பொம்மைக்குப்
போன தீபாவளி வரை வயிறு இருந்தது.
சோறு தின்ற பிள்ளைக்கு இருக்குமே,
அவ்வளவுதான்.
ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் வந்திறங்கிய
புதுப் பொம்மைகளுக்கு இடுப்பு இருக்கிறது.
அட்டைப் பெட்டியில் வயது ஏழு என்று போட்டிருந்தது.
நான்தான் பிரித்தேன்.
ஒரு கையை இடுப்பில் ஊன்றி
யாரோ கூப்பிட்டதுபோலத் தலை சாய்த்து.
முகம் கிடையாது.

எனக்கு டேப் வேண்டாம்.
பதினோரு வருடம்.
பர்கூர்ப் பிள்ளை, காவேரிப்பட்டணத்துப் பிள்ளை,
மாங்கூழ் ஆலையில் ஓவர்டைம் பார்த்த காசை
மணிபர்ஸின் உள்ஜிப்பில் வைத்துக்கொண்டு வருகிற
அம்மாக்களின் பிள்ளைகள்,
எல்லோரையும் தோளிலிருந்து முழங்கால் வரை
கண்ணாலேயே மடித்து வைத்துவிடுவேன்.
பிள்ளைகள் அதே அளவுதான்.
துணிதான் வருடா வருடம் சுருங்குகிறது,
தண்ணீரில் நனையாமலே.

ஞாயிற்றுக்கிழமை வந்தவள் பெயர் லிகிதா.
வயசு என்ன பாப்பா?
"எட்டேமுக்கால்."
முக்காலை விட்டுக்கொடுக்கவில்லை.
தோள் இரண்டும் திறந்து, முதுகில் கயிறு கட்டுகிற
மயில்கழுத்து நிறக் கவுன்.
ஜிப்பும் முக்கால் தூரம் ஏறி நின்றது.

"வயித்த எக்கு," என்றாள் அம்மா.

எக்கினாள்.
எக்கத் தெரிந்திருந்தது அவளுக்கு.
இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.
மூச்சை எந்த இடத்தில் நிறுத்துவது,
விலாவை எப்படித் தூக்குவது,
போட்டோ எடுத்து முடிகிற வரை
எப்படி விடாமல் சிரிப்பது,
ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்குகிற பிள்ளைக்கு.
கண்ணாடியில் முன்பக்கம் பார்க்கவில்லை.
பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.
நாங்கள் பார்ப்போமே, அப்படி.

எதிர் வரிசையில் அவள் தம்பி
புது பேண்டின் ஆறு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்த்துவிட்டு
சட்டையைத் தூக்கி வயிற்றில் தவில் வாசித்தான்.
தளமே சிரித்தது.
அவளும்தான், எக்கியபடியே.

"அடுத்த சைஸ் கொண்டு வரவா?"
"பன்னெண்டு வயசுதா? வேணாம்க்கா.
ஸ்கூல்ல ருத்விகா கழுத்தத் திருப்பி
சீட்டப் படிப்பா."
"இனி ராத்திரிக்கு ஒரே சப்பாத்திதான்,"
என்றாள் அம்மா என்னிடம்,
ரகசியம்போல, சத்தமாக.
அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
அவள் சுடிதாரின் பக்கத் தையல்
இரண்டு முறை பிரித்துத் தைத்திருந்தது,
இரண்டு நிற நூலில்.

ஸ்டோர் ரூமுக்குப் போனேன்.
பன்னிரண்டு வயதின் கழுத்திலிருந்து
சீட்டை நூல்வெட்டியால் எடுத்தேன்.
"இதுவும் உன் சைஸ்தான். வேற கம்பெனி."
போட்டாள். ஜிப் ஏறியது.
கையைப் பின்னால் கொண்டுபோய்
கழுத்தைத் தடவினாள்.
துண்டு நூல் இரண்டு தட்டுப்பட்டிருக்கும்.
கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள்.
தெரிந்துவிட்டது.
ஆனாலும் வயிறு மெதுவாக
தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

சீட்டில்லாத துணி பில்லுக்குப் போனால்
சூப்பர்வைசர் யார் வெட்டியது என்பார்.
என்றார். எலி என்றேன்.
நூற்றைம்பது ரூபாய் எலி.

ராத்திரி பத்தேகால், ரவுண்டானாவில் பஸ் ஏறி
ஜன்னலோரம் உட்கார்ந்து
சீருடைச் சேலையின் முந்தானையை எடுத்துவிட்ட பிறகுதான்
கவனித்தேன்,
காலை ஒன்பதரையிலிருந்து பிடித்து வைத்திருந்ததை.
விட்டேன்.
நாற்பத்தொரு வயது, முழுசாக.

"உள்ள தள்ளிக்கோம்மா, மூணு பேர் சீட்டு,"
என்றார் கண்டக்டர்.
கேட்காத மாதிரி
வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.